உப்புப் போட்ட ஐஸ்

மீன் கொட்டகையில் ஐஸ் இரண்டு விதம். பக்கத்து ஊர்களுக்குப் போகும் மீனுக்கு வெறும் ஐஸ். லாரியில் தூரம் போகும் மீனுக்கு உப்புப் போட்ட ஐஸ். உடைத்த ஐஸ் மேல் கல் உப்பைத் தூவிக் கிளறினால் அது இன்னும் வெறிகொண்டு குளிரும். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும், மீன் கல்லாகிவிடும். எந்தப் பெட்டிக்கு எத்தனை கை உப்பு என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. அந்தக் கணக்கெல்லாம் அத்தையின் கையில் இருந்தது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே பாத்திரம் விழுந்தால் இங்கிருந்து என் அம்மா "என்ன ஆச்சு?" என்று கேட்பாள். அங்கிருந்து "ஒண்ணுமில்ல, ஜாக்கிதான்" என்று பதில் வரும்.

ஜாக்கி அத்தையின் கணவர். லாரிக்கு அடியில் வைத்துத் தூக்குவார்களே, அந்த ஜாக்கி. நாற்பது கிலோ மீன் பெட்டியை இரண்டு இரண்டாகத் தூக்கி லாரியில் எறிந்த காலத்தில் வைத்த பெயர். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், சம்பளச் சீட்டிலும் அடைப்புக்குறிக்குள் அதுதான் இருக்கும். எனக்கு அவர் மாமா. அவர்களுக்கு ஒரே பெண். இருபது வயது. மீன் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறாள். அவள் பெயரை அப்புறம் சொல்கிறேன்.

என் அம்மா மீன் அறுக்கிறவள். நான் இந்த வரிசையிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் பெரிய நகரத்தில், மருத்துவக் கல்லூரியின் தசைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோயாளியின் தொடையிலிருந்தோ தோளிலிருந்தோ எடுத்த சதைத் துண்டை உறையவைத்து, முடியை விட மெலிசாகச் சீவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைக்க வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கியபோது, தான் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. "நின்னுகிட்டா, உக்காந்துகிட்டா?" என்றாள். உட்கார்ந்துகொண்டு என்றேன். "அப்போ படிச்சது வீண் போகல" என்றாள்.

மாமாவுக்கு முதலில் கால் தடுக்கியது. கொட்டகைச் சரிவு எப்போதும் ஈரம். மீன் செதிலும் ஐஸ் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும்தான் வழுக்கி விழுவார்கள். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அவருடைய ரப்பர் பூட்ஸ் முனையில் தேய ஆரம்பித்தது. ஒரு வருடம் வரும் பூட்ஸ் மூன்று மாதத்தில் பெருவிரல் பக்கம் ஓட்டையானது.

"காலைத் தூக்கி வைக்கறதுக்கும் தனியா கூலி கேப்பீங்களா?" என்று அத்தை திட்டினாள்.

அதற்கப்புறம் படுத்துத் தூங்குவதை விட்டார். ஜன்னலோரம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. முதுகுக்கு ஒரு தலையணை. அதில் உட்கார்ந்தபடியே தூக்கம்.

"படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"யாரு, நானா?"

"நீ உக்காந்தா இன்னேரம் செத்திருப்பேன். இது உன்னை விட இலேசு."

சிரித்தோம். இரண்டு வருடம் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஊர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். உட்கார வைத்து ஊதச் சொன்னார். படுக்க வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் குறைவாக இருக்கிறது, சிகரெட்டை விடு என்றார். மாமா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கொட்டகையில் அவருக்கு ஒரு பெட்டியே பாரமானது. "ஜாக்கிக்கு எண்ணெய் போடணும்டா" என்று ஏற்றுக்கூலி ஆட்கள் கத்துவார்கள். சூப்பர்வைசருக்கு அதற்கு வேறு பெயர் இருந்தது. சோம்பேறி.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு வந்தபோது மாமாவின் முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். முன்பக்கச் சதை வற்றி எலும்பு விளிம்பு கத்தி மாதிரி நின்றது. என் கூடத்துப் பேராசிரியையிடம் போனில் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேடம். வேறு பெயர் தேவைப்பட்டதில்லை. "அண்ணன் தம்பி யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். மாமாவின் அண்ணன் நாற்பத்தெட்டு வயதில் தூக்கத்தில் போனவர். மாரடைப்பு என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மேடம் மாமாவின் வயதைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு துண்டு சதை எடுத்து அனுப்பச் சொல்" என்றார்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற சதையே குறைவு, அதிலும் பங்கு கேட்கிறாயா என்றார்.

காலை பத்து மணி தேநீர் இடைவேளை. எடைமேடையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். அத்தை பக்கத்தில் நின்று மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடைவேளை கிடையாது, லாரி நின்றுகொண்டிருந்தது.

"அப்படி என்னதான் இருக்கு சதைக்குள்ள?" என்றார் மாமா. "அஞ்சு வருஷம் படிச்சிருக்கியே, சொல்லு பாப்போம்."

"கயிறு மாமா. தடியா ஒரு இழை, மெலிசா ஒரு இழை. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கும். அத்தை மீன் அடுக்கறதை விட ஒழுங்கா."

"இருக்காது" என்றாள் அத்தை, திரும்பாமலே.

"தடி இழையிலிருந்து குட்டிக் குட்டிக் கைங்க நீட்டிகிட்டு இருக்கும். நூத்துக்கணக்குல. அது மெலிசு இழையப் பிடிக்கும், இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். நீங்க படகைக் கரையேத்தறப்போ கயித்த மாத்தி மாத்திப் பிடிச்சு இழுப்பீங்கல்ல, அதே வேலைதான்."

"எல்லாக் கையும் ஒண்ணா விட்டுட்டா? படகு திரும்பத் தண்ணிக்குப் போயிடுமே."

"ஒண்ணா விடாது. சில கை விடறப்போ மத்த கை பிடிச்சிருக்கும்."

"நம்ம பயலுங்களை விட ஒழுங்கு." மாமா மூச்சு வாங்க நிறுத்தினார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்துவார், அது அவருடைய பேச்சு வழக்கு என்றே நான் நினைத்திருந்தேன். "மேஸ்திரி யாரு?"

"மேஸ்திரின்னு யாரும் இல்ல. மூணாவதா ஒரு இழை இருக்கு. டைட்டின்னு பேரு. உடம்புல இருக்கற புரதத்துலயே அதான் நீளம். ஸ்பிரிங் மாதிரி நீளும், சுருங்கும். தடி இழைய நடுவுல நிறுத்தி ரெண்டு பக்கமும் பிடிச்சு வச்சிருக்கும். யாரு எங்க நிக்கணும், எவ்வளவு தூரம் போகலாம்னு அளவு வச்சிருக்கறது அதுதான்."

"எனக்கு அந்த ஸ்பிரிங்கு போச்சுங்கற."

"அப்படி இருக்கலாம்னு மேடம் சந்தேகப்படறாங்க. பாத்தாத்தான் தெரியும்."

"ரத்தத்துல பாக்க முடியாதா?"

"முடியும். ஆனா அந்த இழையச் செய்யறதுக்கு மரபணுல இருக்கற எழுத்து ரொம்ப நீளம் மாமா. ஒவ்வொருத்தருக்கும் அதுல அங்கங்க மாத்தம் இருக்கும், மச்சம் மாதிரி. எது மச்சம், எது நோய்னு சதையப் பாத்தவங்கதான் அடிச்சுச் சொல்ல முடியும்."

மாமா தேநீரைக் குடித்து முடித்தார். பெட்டியிலிருந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். அது குச்சி மாதிரி நேராக நின்றது.

"செத்தப்புறம் இது ஏன் விறைக்குது?"

"அதுவும் இதே கைங்கதான். பிடிக்கறதுக்குச் சக்தி வேண்டியதில்ல. பிடிச்சதை விடறதுக்குத்தான் வேணும். செத்ததும் சக்தி தீந்துடும். பிடிச்ச கை பிடிச்சபடியே நின்னுடும்."

அவர் அந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "விட முடியாம நிக்குது. நாம அதை நல்ல மீனுன்னு சொல்லி விக்கறோம்."

"விறைப்பு இருந்தாத்தானே நல்ல மீனு" என்றாள் அத்தை. அவர் கையிலிருந்து மீனைப் பிடுங்கி முதுகில் கட்டைவிரலால் அழுத்தினாள். "இது செத்து அஞ்சு மணி நேரம். இதோ, இது ஏழு. எனக்கு எந்த இழையும் தெரியாது. விரலு சொல்லும்."

அப்போது தரம் பிரிக்கும் மேசையிலிருந்து அவர்கள் பெண் காலி டம்ளர்களை எடுக்க வந்தாள். ஈரச் சரிவில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி, தண்ணீருக்குள் நடப்பது போல் நடந்து வந்தாள். ஐஸ் உடைக்கும் ஆள் ஒருவன் அவளுக்குப் பின்னால் அதே மாதிரி காலைத் தூக்கி நடந்து காட்டினான். "கொக்கு வருது, மீனை மூடுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு வருடமாக அவளுக்கு அதுதான் பெயர். நானே போனில் "கொக்கு எப்படி இருக்கா?" என்றுதான் விசாரிப்பேன்.

மாமா சிரிக்கவில்லை. அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் முனை தேய்ந்து வெளுத்திருந்தது.

அவள் போனதும் கேட்டார். "எனக்கு இருக்கறதுக்குப் பேரு தெரிஞ்சா, அவளுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

"குணமாக்க முடியாது மாமா. ஆனா என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். மூச்சு குறையறதைப் பாத்துகிட்டே இருக்கலாம். குறைஞ்சா முகத்துல மாட்டற மெஷின் இருக்கு, அதைப் போட்டுத் தூங்கலாம். ரொம்ப வருஷம் இருக்கலாம்."

"அவளை அறுக்கணுமா?"

"உங்களோடது சரியாத் தெரிஞ்சுட்டா அவளுக்கு ரத்தம் மட்டும் போதும்."

"என் பொண்ணு மேல கத்தி படக் கூடாது" என்றாள் அத்தை.

"படாதுடி" என்றார் மாமா. "நான் எதுக்கு இருக்கேன்?"

இப்படித்தான் அவர் ஒப்புக்கொண்டார். மூச்சுக்கு மெஷின் இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். உட்கார்ந்து தூங்குகிற மனிதரிடம் சொன்னேன். இழைகளைப் பற்றி அவ்வளவு பேசியவளுக்கு நாற்காலி கண்ணில் படவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் ஊர் ஆஸ்பத்திரியில் அவர் தொடையில் கீறித் தீப்பெட்டியில் பாதி அளவு சதை எடுத்தார்கள். அதை நகரத்துக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. ஈரத் துணியில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு அத்தை கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் போன் செய்தாள்.

"எப்படிடி கொண்டு வரணும்?"

"ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டு வாங்க அத்தை. எங்கயும் நிக்காதீங்க."

இவ்வளவுதான் சொன்னேன். உறையக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதற்குள் இருக்கும் சதை குளிருமே தவிர உறையாது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். கொட்டகை வாசலில் பிறந்து வளர்ந்த எனக்கு உப்பு ஞாபகம் வரவில்லை.

கல்லூரி வாசலில் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கினாள். இருப்பதிலேயே நல்ல சேலை. மடியில் தெர்மாகோல் பெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, கொட்டகையில் தூரதேசம் போகும் மீனுக்குக் கட்டுவது போலவே கட்டியிருந்தாள். சீட்டு கிடைத்தும் பெட்டியைக் கீழே வைக்கவில்லையாம். அவள் மடியெல்லாம் நனைந்திருந்தது.

வாசல் பெஞ்சிலேயே பெட்டியைத் திறந்தேன். டப்பாவை எடுத்து ஆட்டினேன். உள்ளே டொக் டொக் என்று கல் உருளும் சத்தம்.

"எப்படி?" என்றாள் அத்தை. முகமெல்லாம் பல். "தொட்டுப் பாரு. நாலு மணி நேரம், வெளிய நெருப்பு மாதிரி வெயிலு, ஒரு சொட்டு இளகியிருக்கா பாரு."

"என்ன போட்டீங்க அத்தை?"

"ஐஸுதான். தூரமாச்சேன்னு ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். மூணு போடலாமான்னு பாத்தேன், சின்னத் துண்டாச்சே, ரெண்டு போதும்னு விட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. உள்ள குடுத்துட்டு வரேன்."

நாங்களும் சதையை உறையத்தான் வைக்கிறோம். நைட்ரஜனால் குளிரூட்டிய திரவத்தில், பூஜ்யத்துக்கு நூற்றைம்பது டிகிரி கீழே, சில நொடிகளில். அந்த வேகத்தில் சதைக்குள் இருக்கும் தண்ணீருக்குப் படிகமாக நேரம் இருக்காது, இழைகள் நின்ற இடத்தில் நிற்கும். மெதுவாக உறைந்தால் தண்ணீர் ஊசி ஊசியாக வளர்ந்து எல்லாவற்றையும் குத்திக் கிழித்துவிடும். குளிர் பத்தாமல் கெட்டது என்று சொன்னால் அத்தைக்குப் புரியும். குளிர்ந்ததால் கெட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சீவிப் பார்த்தேன். நெருக்கமாகப் பதித்த கல்தளம் போல் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். பிய்த்த ரொட்டி மாதிரி இருந்தது. மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"படிக்காதவங்க கையில குடுத்தா இப்படித்தான்."

நான் எழுந்துவிட்டேன். "குடுத்தவங்க படிச்சவங்க மேடம். அறுத்த சதையைப் பொண்டாட்டி கையில குடுத்து பஸ் ஏத்தி விட்டவங்க படிச்சவங்க. ஒரு பெட்டி இல்ல, ஒரு சீட்டுல எழுதித் தரக்கூட ஆளு இல்ல. போன்ல சொன்னவ நானு, நானும் படிச்சவ."

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "மறுபடி எடுக்கச் சொல்" என்றார்.

வெளியே அத்தை பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். காலி பெட்டி பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் பாதி ரொட்டியைப் பொட்டலத்தில் வைத்தாள்.

"ஆச்சா?"

"அத்தை, மெஷின் பழுதாயிடுச்சு. இவங்க தப்பு. துண்டு வீணாப் போச்சு. மறுபடி எடுக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். "மெஷினா?"

"ஆமா அத்தை."

"சரி" என்றாள். "எப்போ சரியாகும்?"

"ஒரு மாசம் ஆகும்."

ஏன் ஒரு மாதம் என்று சொன்னேன்? தொடைப் புண் ஆறட்டும் என்று ஒரு காரணம். இன்னொன்று, அவள் முகத்தை எதிர்கொள்ள எனக்கு ஒரு மாதம் வேண்டியிருந்தது. பொய் சொன்னால் அதற்கும் ஒரு கெடு வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கெடுவை அவர்கள் மதித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின், சொன்ன நாள் வரை காத்திருப்பதுதானே முறை.

வாரம் ஒரு முறை மாமா போன் செய்வார். "உன் மெஷினுக்கு ஸ்பிரிங் கிடைச்சுதா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். "அவசரமில்ல, சீசன் முடியட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா ரிப்பேருக்குப் போவோம்." இடையில் மூச்சு விடுவதற்கு நிறுத்துவார். போனில் அந்த இடைவெளி நன்றாகக் கேட்டது. முன்பு நாலு வார்த்தை. இப்போது இரண்டு.

ஐந்தாம் வாரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். மேடமே ஒரு நல்ல பெட்டி கொடுத்திருந்தார். எப்படி வைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அதன் மூடியில் ஒட்டியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வீடு வந்தேன். மாமா அப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்து சாப்பிட்டிருந்தார். தட்டில் பாதிக்கு மேல் மீதி.

"தின்னறதுகூட வேலையா இருக்குடி" என்றார். "மெல்லறதுக்குள்ள மூச்சு முட்டுது."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாமா."

"கண்ணு சொருகுது. தூங்கி எந்திரிச்சுக் கேக்கறேன். ஓடியா போயிடப்போறேன், இந்தக் காலை வச்சுகிட்டு?"

நாற்காலியில் சாய்ந்தார். தலையணையை நான்தான் சரிசெய்தேன். வாசலில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ். அவருடையது ஒன்று. காலை வேலை முடித்து வந்திருந்த கொக்குவுடையது ஒன்று. நாலு பூட்ஸும் முனையில் மட்டும் தேய்ந்து, ஒரே ஆள் போட்டுத் தேய்த்தது போல் இருந்தன. அவற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு இழுப்பது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றே முக்காலுக்குக் கொக்கு தேநீர் போட்டு எடுத்துப்போய் எழுப்பினாள். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. என் அம்மா இங்கிருந்தே, "என்ன ஆச்சு?" என்றாள்.

பதில் வரவில்லை.

அத்தை கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். ரப்பர் ஏப்ரன், கையுறை, புருவத்தில் செதில். வரிசை முழுவதும் வாசலில் நின்றது. ஒருத்தி அழுதுகொண்டே, "உக்காந்தபடியே விறைச்சுடுவாரு, சீக்கிரம் படுக்க வைங்க" என்றாள். நாலு பேர் தூக்கித் தரையில் பாயில் நீட்டினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மாமா மல்லாந்து படுத்தார். நெஞ்சு மேல் யாரும் உட்காரவில்லை.

அத்தை அழவில்லை. கையுறையைக் கழற்றினாள். அவர் தாடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பிறகு கழுத்து. பிறகு முழங்கைக்கு மேலே, பெட்டி தூக்கிய புஜத்தில். பிறகு தொடையில், தையல் தழும்புக்குப் பக்கத்தில். ஒவ்வொரு இடத்திலும் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"தாடை பிடிச்சிருச்சு. கால் இன்னும் பிடிக்கல. ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆயிருக்கும்." குரல் கொட்டகைக் குரலாக இருந்தது. "இப்போ எடுத்தா ஆகுமா?"

"அத்தை..."

"ஆகுமா, ஆகாதா?"

"ஆகும். சீக்கிரம் எடுத்தா."

"ஆம்புலன்ஸ் கூப்பிடு. அந்த ஆஸ்பத்திரிக்கே போவோம். உங்க மேடத்துக்குப் போன் போடு."

"அத்தை, அந்த மெஷின்..."

"மெஷின் கெடல." அவள் என் மணிக்கட்டை விடவில்லை. "நீ டப்பாவை ஆட்டினப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்ல. உப்பு ஐஸுல கல்லான மீனு இளகினா தண்ணி விடும். சதை பிஞ்சு பிஞ்சு வரும். எனக்குத் தெரியாததா? தின்னுறவனுக்கு அது போதும். நீ உள்ள பாக்கறவ. பஸ்ஸுல திரும்பி வரப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் அத்தை சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அடுப்பில் கொக்கு வைத்துவிட்டுப் போன பால் பொங்கி வழிந்தது. அத்தை அதை அணைத்தாள்.

"அவரு கேப்பாரு, 'மெஷின் சரியாச்சாமா?'ன்னு. இன்னும் இல்லன்னு நானும் சொல்வேன். காலை அறுத்துக் குடுத்த மனுஷன்கிட்ட, உன் துண்டை நான்தான் வீணாக்கினேன்னு எந்த வாயால சொல்றது? நீ பொய் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு." அப்போதுதான் அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "வசதியா இருந்துச்சுடி."

வாசலில் விஷயம் தெரிந்து சலசலப்பு ஆரம்பித்திருந்தது. ஏற்றுக்கூலி ஆட்களில் மூத்தவர் குறுக்கே வந்து நின்றார். "போன மனுஷனைப் போயி அறுக்கறதாம்மா? நல்லாவா இருக்கு?"

அத்தை வாசலைக் காட்டினாள். அங்கே கொக்கு நின்றிருந்தாள். அப்பாவின் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"அவளை அறுக்காம இருக்கறதுக்குத்தான்ணே" என்றாள் அத்தை. "அவரே ஒத்துகிட்டதுதான். நான்தான் ஒரு தடவை கெடுத்துட்டேன்."

வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பெரியவர் கொக்குவின் கால்களைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நடந்து காட்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் வழிவிட்டார். அவரே போய் ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர இடம் பண்ணினார்.

நான் கொண்டுவந்த பெட்டியை எடுத்துக்கொண்டு அத்தைக்குப் பின்னால் கொட்டகைக்கு ஓடினேன். ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் வரிசை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பாதி அடுக்கிய மீன் பெட்டி மேசை மேல் அப்படியே இருந்தது. அத்தை மூடியில் மேடம் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன போட்டிருக்கு?"

"வெறும் ஐஸ்னு போட்டிருக்கு. சதை உறையக் கூடாதுன்னு."

தலையசைத்தாள். குழாயடியில் பெட்டியைக் கழுவினாள். அது புதுப் பெட்டி, அதற்குள் உப்பு எப்படி வரும்? ஆனாலும் கழுவினாள். ஐஸ் அள்ளும் வாரியைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். கைகளை முழங்கை வரை தேய்த்தாள், நகக்கண்ணெல்லாம் தேய்த்தாள். உப்பு மூட்டை இருக்கும் மூலைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய், புதிதாக உடைத்த ஐஸை வாரிக்கொண்டு வந்து பெட்டியில் நிரப்பினாள். சந்துமுனையில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது.

"அத்தை, நேரமாகுது."

"இரு."

ஐஸில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அது கரையும் வரை நின்றாள். பிறகு இன்னொரு மூலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் பாரு."

வாயில் போட்டேன். பல் கூசியது. கரையும் வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தை" என்றேன்.

அவள் பெட்டியை மூடினாள்.